ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்: வீட்டில் மாற்றுவதா, மெஷினில் விடுவதா?

போன சனிக்கிழமை காலை, ஏழாவது முறையாக என் சிட்டியின் கியர் ஆயிலை வீட்டு போர்டிகோவிலேயே மாற்றி முடித்தேன். கை கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு மாமா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏம்ப்பா, மெஷின்ல விட்டா ஒரே தடவையில மொத்தமும் மாறிடுமாமே, நீ எதுக்கு இப்படித் தரையில படுத்து எந்திரிக்கிற?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். நானும் முதல் தடவை மெஷினில்தான் விட்டேன். காசும் கொடுத்தேன், அதற்கு மேல் ஒரு பாடும் பட்டேன்.

வண்டியைப் பற்றி முதலில். 2011 மாடல் ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். 2018-ல் 60,000 கி.மீ. ஓடியிருந்த நிலையில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். இப்போது 1,23,000. பாதி ஓட்டம் ஜி.எஸ்.டி. ரோட்டில், தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் நடுவே, பிரேக்கில் காலை வைத்தபடி. கியர்பாக்ஸுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. நிற்பதும் நகர்வதுமாக ஓடும்போது என்ஜின் விசையை ஆயில் மூலம் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயில் வெறுமனே சுழன்று சூடாகிக்கொண்டே இருக்கும். ஆயிலின் சூடு ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் அதன் ஆயுள் பாதியாகும் என்று மெக்கானிக்குகள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருப்பார்கள். சென்னை மே மாதத்தில் அந்தக் கணக்கை நம்பாமல் இருக்க முடியாது.

ஒரு எச்சரிக்கையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். "ஆட்டோமேட்டிக்" என்று நம் ஊரில் நான்கு விதமான கியர்பாக்ஸை ஒரே பெயரில் கூப்பிடுகிறோம். 2014-ல் செலேரியோவோடு பரவத் தொடங்கிய ஏஎம்டி, உள்ளுக்குள் சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான். கியர் படிகளே இல்லாத சிவிடிக்கு அதற்கென்றே தனி ஆயில். இரட்டை கிளட்ச் பெட்டிக்கு வேறு. நான் பேசுவது டார்க் கன்வெர்ட்டர் வைத்த பழைய பாணி ஆட்டோமேட்டிக்கைப் பற்றி மட்டும். ஹோண்டா சிட்டி என்ற ஒரே பெயரிலேயே 2008 முதல் 2013 வரை வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக் என்னுடையது மாதிரி. 2014-ல் வந்ததிலிருந்து சிவிடி. பெயரைப் பார்த்து ஆயில் வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

சரி, வழிகள் என்னென்ன? வீட்டில் அடிபோல்ட்டைக் கழற்றி வடித்து, வடிந்த அளவு புதிதாக ஊற்றுவது ஒன்று. ஒர்க்‌ஷாப்பில் மெஷின் போட்டு மொத்தமாக மாற்றுவது இன்னொன்று. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடுவது மூன்றாவது. ஆனால் ஹோண்டா வண்டிகளுக்கு அங்கேயும் பெரும்பாலும் வடித்து நிரப்புவதுதான் நடக்கிறது; ஆக முதல் வழியையே ஏசி அறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே செய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதாக, வீட்டிலேயே, ஆயில் சூடு ஆறப் போய்வரும் கூலர் குழாயைக் கழற்றிவிட்டு, என்ஜினை ஓடவிட்டு, பழையதை வெளியேற்றிக்கொண்டே புதியதை ஊற்றுவது. மெஷின் செய்யும் வேலையை இரண்டு பேர் சேர்ந்து கையால் செய்வது மாதிரி. இதை நான் என் வண்டியில் செய்ததில்லை. நண்பர் ஒருவர் செய்யும்போது கூட நின்றிருக்கிறேன். அவர் ஊற்றும் வேகத்துக்கும் குழாயில் கொட்டும் வேகத்துக்கும் ஒத்துவராமல் "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. பம்பு காற்றை இழுத்துவிட்டால் கதை வேறு. அதனால் அந்த வழியை இத்தோடு விட்டுவிடுகிறேன். போட்டி முதல் இரண்டுக்கும்தான்.

மெஷினுக்கு என்ன பெருமை? கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஆயிலில் பாதிக்கு மேல் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் கிளட்ச் அறைகளிலும் தங்கிக்கிடக்கும். அடிபோல்ட்டைக் கழற்றினால் அது வராது. என் வண்டியில் ஒரு முறை வடித்தால் இரண்டரை லிட்டர் அளவுக்குத்தான் வருகிறது. மொத்தத்தை, கணக்குக்காக, ஆறு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை மாற்றியதும் 42 சதவீதம் புதுசு. உடனே இன்னொரு முறை செய்தால் 66. மூன்றாவது முறைக்கு 80. ஏழரை லிட்டர் புது ஆயில் ஊற்றியும் ஐந்தில் ஒரு பங்கு பழசு உள்ளே உட்கார்ந்திருக்கும். மெஷின் கூலர் குழாயில் சேர்ந்து, பழசை ஒரு பக்கம் வாங்கி, புதுசை மறு பக்கம் கொடுத்து, எட்டு பத்து லிட்டரில் கிட்டத்தட்ட முழுவதையும் மாற்றிவிடும். இது பொய்யில்லை. கண்ணாடிக் குழாயில் கருப்பு போய்ச் சிவப்பு வருவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நானும் மயங்கித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் இந்தச் சதவீதக் கணக்கை ஒரு நாளோடு நிறுத்தினால்தான் மெஷின் ஜெயிக்கும். வருடக்கணக்கில் போட்டுப் பாருங்கள். மெஷினில் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை பத்து லிட்டர் ஊற்றுகிறோம். அதே பத்து லிட்டரை நான்காகப் பிரித்து, 15,000 கி.மீ.க்கு ஒருமுறை இரண்டரை லிட்டராக வீட்டில் மாற்றினால்? சில சுற்றுகள் போனதும், மாற்றிய அன்று பெட்டிக்குள் இருக்கும் ஆயிலின் சராசரி வயது 21,000 கி.மீ. அளவில் நிற்கும், அடுத்த முறை மாற்றப்போகும் முன் 36,000. அதற்கு மேல் ஏறவே ஏறாது. மெஷின் வழியில் முதல் நாள் பூஜ்யம், கடைசி நாள் 60,000. செலவான ஆயில் ஒன்றுதான். ஆனால் ஒரு வழியில் கியர்பாக்ஸ் கடைசி வருடத்தைக் கிழட்டு ஆயிலில் ஓட்டுகிறது, இன்னொன்றில் எப்போதும் நடுவயது ஆயிலில். எது மேல் என்று எனக்குச் சந்தேகமில்லை. ஆயில் மாற்றுவது சுலபமாகவும் மலிவாகவும் இருந்தால்தான் இந்த நான்கு முறை நடக்கும் என்பது வேறு விஷயம். கடையில் விடுவதாக இருந்தால் நான் நிச்சயம் நான்கு முறை போயிருக்க மாட்டேன்.

விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஆயில் விலை எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். லேபர் மிச்சம், முதல் தடவை வாங்கும் ஸ்டாண்டு, ராட்செட், நீளப் புனல் செலவில் அது போய்விடும். இரண்டாவது தடவையிலிருந்து லாபம். ஆயிலை ஜி.பி. ரோட்டில் வாங்குகிறேன், ஹோண்டாவின் சொந்த டிடபிள்யூ-1. என் வண்டியின் காலத்தில் இருந்த பழைய இசட்-1-க்குப் பதிலாக வந்தது இது. நான்கு லிட்டர் வாங்கினால் ஒரு முறைக்குப் போக ஒன்றரை மிச்சம்.

இனி என் கட்சியை முடிவு செய்த விஷயத்துக்கு வருகிறேன். அது அளவு. எவ்வளவு ஆயில் உள்ளே இருக்கிறது என்பது.

என்ஜின் ஆயில் அரை லிட்டர் கூடினாலும் குறைந்தாலும் வண்டி ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் பெட்டி அப்படி இல்லை. அங்கே ஆயில் என்பது வழவழப்புக்கு மட்டும் அல்ல. என்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்துவது அது, கிளட்சை அழுத்திப் பிடிப்பது அது, சூட்டைச் சுமந்துகொண்டு போய்க் கூலரில் இறக்கி வைப்பதும் அதுதான். அளவு குறைந்தால் பம்பு ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். கூடினால், சுழலும் பற்சக்கரங்கள் ஆயிலில் முங்கி, மோர் கடைவது மாதிரி கடைந்து நுரைக்க வைக்கும். இரண்டும் எதிரெதிர்த் தவறுகள், ஆனால் நோய் ஒன்றே: நுரை. ஆயிலை அழுத்தினால் அழுந்தாது, நுரையை அழுத்தினால் அழுந்தும். கிளட்ச் பிடி தளரும், வழுக்கும், சூடேறும். அதனால்தான் ஆயில் கூடிப்போன வண்டியைக் குறைந்துபோனதாக நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிற கூத்தெல்லாம் நடக்கிறது.

எனக்கு நடந்தது இதுதான். வண்டி வாங்கிய சில மாதத்தில், 62,000-ல், ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெஷினில் விட்டேன். பெயர் வேண்டாம். வேலை செய்த தம்பி கெட்டிக்காரன், சுத்தமாகவே செய்தான். ஒன்பது லிட்டர் போனது. கடைசியில் என்ஜினை ஓடவிட்டபடியே ஆயில் மட்டம் காட்டும் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து, "கொஞ்சம் கம்மியா காட்டுது சார்" என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினான். மறுபடி உருவினான். "இப்போ கரெக்ட்டு." நானும் தலையாட்டினேன். பல டொயோட்டாக்களில் முறையே அதுதான்: சூடான வண்டியை ஐடிலில் ஓடவிட்டு அளவு பார்க்க வேண்டும். கை அந்தப் பழக்கத்தில் வேலை செய்கிறது, அவனைக் குறை சொல்லி என்ன பயன்.

ஹோண்டாவில் முறை வேறு. ரேடியேட்டர் ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும் அளவுக்குச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்க வேண்டும். ஓடும்போது ஒரு பங்கு ஆயில் கன்வெர்ட்டருக்கும் குழாய்களுக்கும் போயிருக்கும், கீழே மட்டம் இறங்கியிருக்கும். அப்போது கோடு வரை ஊற்றிவிட்டு அணைத்தால், மேலே போனதெல்லாம் திரும்பி வந்து மட்டம் கோட்டைத் தாண்டி நிற்கும்.

ஒரு வாரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் திண்டிவனம் தாண்டி ஒரு பயணத்தில், நூறைத் தொட்டு அரை மணி நேரம் ஓட்டியதும், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் என்ஜின் ஒரு கணம் உறுமிவிட்டு அப்புறம் பிடித்தது. வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்தால் கியர்பாக்ஸ் காற்றுக்குழாய் ஓரத்தில் ஆயில் ஈரம், அதில் ஒட்டிய தூசி. முறைப்படி சூடாக்கி, அணைத்து, கைபேசியில் விநாடி எண்ணிக்கொண்டே உருவினேன். மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடைக்கு மேல் நனைந்திருந்தது. அடிபோல்ட்டைத் தளர்த்தி, பால் அளக்கும் லிட்டர் குவளையில் பிடித்துப் பிடித்து இறக்கினேன். மட்டம் சரியாவதற்குள் 600 மி.லி. வெளியே வந்திருந்தது. அறுநூறு! பெட்டி கொள்ளும் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு.

அந்த 600 மி.லி.யைக் குவளையில் பார்த்தபோது இன்னொன்றும் உறைத்தது. அவன் என்ன ஆயில் ஊற்றினான் என்றே எனக்குத் தெரியாது. பெரிய பேரலிலிருந்து வந்தது. "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் செட் ஆகும் சார்" என்றான். ஆட்டோமேட்டிக் ஆயிலில் உராய்வைக் கட்டுப்படுத்தும் சேர்மானம்தான் உயிர்நாடி. அந்தக் காலத்து அமெரிக்க வண்டிகளில் அதற்குத் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அதைத் தடை செய்த பிறகு மாற்று தேடி எண்ணெய்க் கம்பெனிகள் பட்ட பாடு பெரிய கதை. ஒவ்வொரு பெட்டியின் கிளட்ச் தகடும் ஒரு குறிப்பிட்ட வழுக்கலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. பேரல் ஆயில் உடனே கெடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊற்றியது என்னவென்று தெரியாமல் இரவில் தூக்கம் வரவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில், இடையிடையே சில நூறு கி.மீ. ஓட்டி, மூன்று முறை வடித்து டிடபிள்யூ-1 நிரப்பினேன். உறுமல் போனது. அமெரிக்க ஹோண்டா தன் டீலர்களுக்கே ஃப்ளஷ் மெஷின் வேண்டாம், வடித்து நிரப்புங்கள் என்று சொல்லியிருப்பதை அப்புறம்தான் படித்தேன். படித்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

வீட்டில் செய்யும்போது அளவு எப்படிக் கட்டுக்குள் வருகிறது என்றால், ஒரே விதி: எவ்வளவு வெளியே வந்ததோ அவ்வளவு உள்ளே. முந்தைய அளவு சரியாக இருந்தால் புதிய அளவும் சரி. இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இரண்டாவது தடவைதான் பிடிபட்டது. ஆயில் சூட்டில் விரியும். 80 டிகிரியில் வடித்த இரண்டரை லிட்டர், போர்டிகோ நிழலில் ஆறியதும் 90 மி.லி. போலச் சுருங்கிவிடும். சூடாக இருக்கும்போதே அளந்து, அதே அளவுக்குப் புதிய ஆயிலைக் குளிர்ச்சியாக ஊற்றினால் அந்த 90 மி.லி. கூடிப்போகும். ஒரு தடவைக்குப் பெரிய விஷயமில்லை. ஏழு தடவைக்குச் சேர்ந்தால் அந்தத் தம்பி ஊற்றிய அதே அறுநூறு! அதனால் வடித்த ஆயிலை மூடிவைத்துவிட்டு, காலை டிபனை முடித்து, பேப்பரையும் படித்துவிட்டு, தொட்டால் சுடாத நிலையில் அளக்கிறேன். கடைசியாக ஒரு சுற்று ஓட்டி, முறைப்படி டிப் ஸ்டிக்கில் சரிபார்க்கிறேன். துணிப் பஞ்சு உள்ளே போகக்கூடாது, அதனால் ஸ்டிக்கைத் துடைக்கப் பனியன் வேஸ்ட்டைத் தொடுவதில்லை.

மற்ற வேலை உண்மையிலேயே சின்னதுதான். ஹோண்டா இந்தப் பெட்டிகளைச் செய்த விதம் அப்படி. மற்ற ஆட்டோமேட்டிக்குகளில் இருக்கும் கோள்சக்கர அமைப்பு இதில் கிடையாது, மேனுவல் பெட்டி மாதிரி இணைத் தண்டுகளில் பற்சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் கிளட்ச். கழற்ற வேண்டிய அடித்தட்டும் இல்லை, மாற்ற வேண்டிய ஃபில்டரும் வெளியே இல்லை. இடது முன்சக்கரத்துப் பக்கம் கீழே ஒரு போல்ட், அதன் தலையில் சதுரக் குழி. 3/8 இஞ்ச் ராட்செட் முனையே சாக்கெட் இல்லாமல் நேராக உட்காரும். பக்கத்தில் இருக்கும் என்ஜின் ஆயில் போல்ட்டோ 17 மி.மீ. ஆறுமுகத் தலை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல், என்ஜின் ஆயில் மாற்றுகிறேன் என்று கியர் ஆயிலை வடித்துவிட்டு, என்ஜினுக்கு இரட்டைப் பங்கு ஊற்றி, காலியான கியர்பாக்ஸோடு வண்டியை எடுத்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். வடிவதன் நிறத்தைப் பாருங்கள். என்ஜின் ஆயில் கருப்பாக வரும், கியர் ஆயில் ரொம்பப் பழசாகாத வரை ஒரு செம்மை தட்டும்.

போல்ட் முனையில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை மாதிரி ஒரு பசை ஒட்டியிருந்தால் பயப்படாதீர்கள், அது தேய்மானத்தின் வழக்கமான கணக்கு. விரலில் தேய்த்தால் குத்தக்கூடாது. குத்துகிற சிலும்புகளோ, மினுக்கும் துண்டுகளோ இருந்தால் ஆயில் மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை, பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். இந்தக் காந்தத்தைப் பார்க்கும் வாய்ப்பு மெஷின் வழியில் கிடைப்பதே இல்லை, போல்ட்டைக் கழற்றாமலேயே வேலை முடிந்துவிடுகிறது. வீட்டு வழிக்கு நான் கொடுக்கும் இரண்டாவது மார்க் இதற்குத்தான்.

திரும்ப மாட்டும்போது புது 18 மி.மீ. அலுமினிய வாஷர்; முறுக்கு 49 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் பக்கத்து மெக்கானிக்கிடம் வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டி அலுமினியம், மரை போனால் ஆயுசுக்கும் தலைவலி. ஊற்றுவது டிப் ஸ்டிக் துளை வழியாகவே. துளை ஒடுக்கம், இரண்டரை லிட்டர் இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஒவ்வொரு முறையும் ஐம்பது மி.லி.யை ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் எடுத்து, கி.மீ. எழுதி ஒட்டி ஷெட்டில் வைத்திருக்கிறேன். முதல் குப்பி சுக்குக் கஷாயம். கடைசியாக எடுத்தது நன்னாரி சர்பத் நிறம். புது ஆயில் ரோஸ் மில்க் எசன்ஸ் போலவே இருக்கும் என்பதால் மனைவி அந்த அலமாரிக்கே பூட்டு போடச் சொல்லிவிட்டாள். நிறத்தை வைத்து மட்டும் ஆயிலின் தரத்தைச் சொல்லிவிட முடியாது என்று எனக்கே தெரியும். இருந்தாலும் குப்பிகளை வரிசையாகப் பார்க்கும்போது ஒரு நிம்மதி.

வீட்டு வழியின் குறைகளை மறைக்கவில்லை. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இது நடக்காத காரியம். பார்க்கிங்கில் ஒரு சொட்டு விழுந்தால் சங்கத்திலிருந்து ஆள் வந்துவிடுவார்கள். அரை நாள் போகும். முதுகு பேசும். பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டக்கூடாது, சட்டப்படியே அது அபாயகரக் கழிவு. நான் கேனில் அடைத்துத் தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுகிறேன், அவர் பேரலில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் போடுகிறார். கொடுக்கப் போகும்போதெல்லாம், "நம்ம கிட்ட விட்டுருக்கலாமே அண்ணே" என்று ஒரு குத்தல். அதையும் தாங்க வேண்டும்.

"ரொம்ப நாள் மாற்றாத வண்டியில் ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்" என்ற பயம் பலருக்கு உண்டு. என் வண்டி அந்த நிலையில் வரவில்லை என்பதால் அனுபவத்தில் பேச என்னிடம் சரக்கு குறைவு. என் புத்திக்கு எட்டியது இவ்வளவுதான்: ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கும் பெட்டியில், தேய்ந்து கரைந்த கிளட்ச் தூள்தான் பழைய ஆயிலுக்குக் கொஞ்சம் பிடிமானம் தந்துகொண்டிருக்கும். அதைக் கழுவி எடுத்தால் குட்டு வெளிப்படும். ஆயில் கொன்றதில்லை, முன்பே செத்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வண்டி என் கைக்கு வந்தால் மெஷின் பக்கமே போக மாட்டேன். ஒரு இரண்டரை லிட்டர் மாற்றி, ஆயிரம் கி.மீ. ஓட்டிப் பார்ப்பேன். "ஆயுள் முழுதும் மாற்ற வேண்டாத ஆயில்" என்று சில கம்பெனிகள் சொல்வதையும் நம்ப மாட்டேன். பல ஜெர்மன் கார்களுக்குப் பெட்டி செய்து கொடுக்கும் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றுங்கள் என்கிறது. பெட்டி செய்தவன் பேச்சைக் கேட்பதா, கார் விற்பவன் பேச்சைக் கேட்பதா?

இவ்வளவு பேசிவிட்டு, எல்லோரும் வீட்டில் செய்யுங்கள் என்றும் சொல்லப்போவதில்லை. நான் அளவை இவ்வளவு இழுத்ததற்குக் காரணமே அதுதான். டிப் ஸ்டிக் இருக்கும் பெட்டிக்குத்தான் என் வாதம் பொருந்தும். இப்போது வரும் பல வண்டிகளில் ஸ்டிக்கே இல்லை. ஆயிலை ஒரு குறிப்பிட்ட சூட்டுக்குக் கொண்டுவந்து, என்ஜின் ஓடும்போதே அடியில் ஒரு போல்ட்டைத் திறந்து, வழிந்து நிற்கும் மட்டம்தான் அளவு. வண்டி தரைக்குச் சமமாக உயர்ந்து நிற்க வேண்டும், ஆயில் சூட்டைக் காட்டும் கருவி வேண்டும், ஓடும் வண்டிக்கு அடியில் ஒருவர் நிற்க வேண்டும். இது போர்டிகோ வேலை இல்லை.

என் மச்சான் இன்னோவா கிரிஸ்டா டீசல் ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிறார். நான் என் வண்டிக்குச் செய்வதைப் பார்த்து, "அடுத்த வாரம் நம்ம வண்டிக்கும் போட்டுருவோமா மச்சான்?" என்று ஆயில் வரைக்கும் விலை விசாரித்துவிட்டார். முடியாது என்று சொல்லிவிட்டுக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன், நானும் கூடவே. லிஃப்ட்டில் வண்டி ஏறியது. வடித்தார்கள், சீல் உடைக்காத டப்பாவிலிருந்து ஊற்றினார்கள். என்ஜினை ஓடவிட்டு, கருவியை மாட்டி, திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார் டெக்னீஷியன். 34, 36, 37. நாற்பதை நெருங்கியதும் கீழே போய் போல்ட்டைத் திறந்தார். சரம் மாதிரி ஒழுகியது, மெலிந்தது, சொட்டுச் சொட்டாக ஆனது. மூடினார். அவ்வளவு நேரமும் மச்சான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஏதாவது குறை சொல்வேன் என்று. எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.